எஸ்.வி.பி. சுவரொட்டியைப் பார்த்துப் பயந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, சுவிஸின் பேர்ணுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, ரயில் நிலையத்தில் சுவிஸ் மக்கள் கட்சியான எஸ்.வி.பி.யின் சுவரொட்டியைப் பார்த்ததிலிருந்து நித்திரை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். "இவர்கள் வென்றால் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?" என்றும் கேட்டிருந்தீர்கள். நான் 1989இல் வந்தவன். அந்தப் பயம் எனக்குத் தெரியும்.

அவர்கள் ஏற்கெனவே வென்றுகொண்டுதான் இருக்கிறார்கள். 2023 தேர்தலில் 27.9 சதவீத வாக்குகளோடு முதலாவதாக வந்தார்கள். ஆனால் இந்த நாட்டில் எந்தக் கட்சியும் தனியாக ஆள முடியாது. ஏழு பேர் கொண்ட கூட்டாட்சி அமைச்சரவையில் அவர்களுக்கு இரண்டே இடம்.

தொடக்கத்தில் அது விவசாயிகளின் கட்சி. முதலாம் உலகப்போர் முடிகிற காலத்தில் சூரிச்சிலும் பேர்ணிலும் உருவானது. ருடோல்ஃப் மிங்கர் என்ற பேர்ண் விவசாயி 1929இல் அமைச்சரவைக்குத் தெரிவானார். 1971இல் வேறு சிறு கட்சிகளோடு இணைந்து இன்றைய பெயரை எடுத்தது. அதன் முகத்தை மாற்றியவர் சூரிச் தொழிலதிபர் கிறிஸ்தோஃப் புளோஹர். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சந்தையோடு இணைக்கும் ஐரோப்பியப் பொருளாதார வெளியில் சேர்வதா என்ற 1992 வாக்கெடுப்பில் அவர் எதிர்த்து நின்றார், 50.3 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதன் பிறகு கட்சி வேகமாக வளர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் வேண்டாம், நடுநிலைமை, குறைந்த வரி, அகதிகளுக்கும் குடியேற்றத்துக்கும் கடும் கட்டுப்பாடு: இவைதான் அவர்களின் கொள்கை.

2007 தேர்தலில், சுவிஸ் கொடியிலிருந்து ஒரு கறுப்பு ஆட்டை வெள்ளை ஆடு உதைத்துத் தள்ளும் படம் ஊரெல்லாம் ஒட்டியிருந்தது. எனக்கு வாக்குரிமை கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நெஞ்சு கொதித்தது. இன்றும் அதை நான் மன்னிக்கவில்லை.

ஆனால் இந்தப் பயம் எங்களோடு தொடங்கியதல்ல. நான் உணவகத்தில் பாத்திரம் கழுவிய நாட்களில் கூட வேலை செய்த வயதான இத்தாலியர் ஒருவர் 1970ஐப் பற்றிச் சொல்வார். அந்த ஜூனில், வெளிநாட்டவர் எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும் என்று ஷ்வார்ட்சென்பாக் என்ற அரசியல்வாதி கொண்டுவந்த யோசனை வாக்கெடுப்புக்கு வந்தது. அது எஸ்.வி.பி. கொண்டுவந்ததல்ல. பெண்களுக்கு அப்போது தேசிய வாக்குரிமை கிடையாது. ஆண்களில் 54 சதவீதம் பேர் எதிர்த்ததால் தோற்றது. "முடிவு தெரியும்வரை நாங்கள் கட்டில்கூட வாங்கவில்லை" என்பார்.

எனவே நீங்கள் கவனிக்கவேண்டியது வாக்கெடுப்பு ஞாயிறுகளை. வாக்குரிமையுள்ள ஒரு லட்சம் பேரின் கையெழுத்தைச் சேர்த்தால் அரசியலமைப்பை மாற்றக் கேட்கலாம், அந்த யோசனையை மக்கள் வாக்கெடுப்பில் தீர்மானிப்பார்கள். அக்கட்சியினரின் பலம் அங்கேதான். 2009இல் மசூதிக் கோபுரத் தடையும், 2010இல் குற்றம் செய்த வெளிநாட்டவரை நாடுகடத்துவதும், 2014இல் குடியேற்றக் கட்டுப்பாடும் நிறைவேறின. சிறு குற்றங்களுக்கும் நாடுகடத்தக் கேட்ட 2016 யோசனையை 58.9 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். அது வென்றிருந்தால், இங்கே பிறந்தும் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்த எங்கள் பிள்ளைகள் சிறு தவறு செய்தாலும் மாட்டியிருப்பார்கள். மக்கள்தொகை 1 கோடியைத் தாண்டக்கூடாது என்ற யோசனைக்கும் 2024இல் கையெழுத்துகளைக் கொடுத்தார்கள்.

சரி, உங்கள் கணவர் சுவிஸ் குடிமகன் என்று எழுதியிருந்தீர்களே. வாக்குச் சீட்டு அவருக்குத் தபாலில் வரும். கூடவே வரும் சிறு புத்தகத்தில், யோசனை கொண்டுவந்தவர்களின் வாதமும் அரசின் கருத்தும் இருக்கும். எங்கள் வீடுகள் பலவற்றில் அந்த உறையைப் பிரிப்பதே இல்லை. அடுத்தது வரும்போது இருவரும் சேர்ந்து வாசியுங்கள். டொச் (ஜேர்மன் மொழி) புரியாத இடத்தை எனக்கு எழுதுங்கள், விளக்குகிறேன்.