சீனியரை மாற்றிக்கொள்ளலாமா?

அன்புள்ள அண்ணா,

கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். இதை வெளியிடுவதாக இருந்தால் என் பெயர் வேண்டாம், ஏன் என்று படித்தால் தெரியும். நாங்கள் பதினாலு பேர், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபுட்பால் ஆடுகிறவர்கள். பாதிப் பேருக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. அநேகமாக எல்லோருமே லிவர்பூல் ரசிகர்கள். 2025 டிசம்பர் 6ஆம் தேதி லீட்ஸ் மேட்சைக் கண் விழித்துப் பார்த்தோம். 3-3. எங்கள் ஃபார்வர்ட் முகமது சலாவைக் கடைசி வரை இறக்கவே இல்லை. அதற்கப்புறம் அவர் கொடுத்த பேட்டி உங்களுக்குத் தெரிந்திருக்கும், கிளப் தன்னைப் பலிகடா ஆக்கிவிட்டது என்கிற மாதிரி பேசினார். அன்றிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஓயாத சண்டை. 2023இல் சவூதிக்காரன் கேட்டபோதே விற்றிருக்கணும், இப்பவாவது ஜனவரியில் தள்ளிவிடணும் என்று ஒரு கோஷ்டி. எட்டு வருஷம் உழைத்தவரை பெஞ்சில் உட்கார வைப்பதே நன்றிகெட்டதனம் என்று இன்னொரு கோஷ்டி. நான் இரண்டாவது கோஷ்டி.

அப்புறம் எங்கள் டீம் கதை. எங்கள் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற அண்ணாவுக்கு முப்பத்தெட்டு வயது. டீமை ஆரம்பித்ததே அவர்தான். இப்போது முட்டியில் பட்டை போட்டுக்கொண்டு ஆடுகிறார், அவர் திரும்புவதற்குள் பையன்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். பொங்கலுக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் டோர்னமென்ட் வருகிறது, ரோலிங் சப் உண்டு, ஆளை மாற்றி மாற்றி இறக்கலாம். எங்களுக்கு உருப்படியான கோலி, அதாவது கோல்கீப்பர், இல்லை. காவேரிப்பட்டணம் டீமில் இரண்டு கோலி இருக்கிறார்கள், அவர்களுக்கு ஸ்டாப்பர் வேண்டுமாம். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். அண்ணாவைச் சேர்க்காமல் தனி குரூப் ஆரம்பித்து இதைப் பற்றி மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் கோலி வேண்டும் என்பதும் உண்மை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

சலாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அங்கே நடந்தது ஊரறிந்த விஷயம், உங்கள் டீமைப் பற்றிப் பேச அது உதவும்.

2023 செப்டம்பரில் சவூதி கிளப் அல் இத்திஹாத் 150 மில்லியன் பவுண்டு வரை தருவதாகச் சொல்லிக் கேட்டது. லிவர்பூல் மறுத்துவிட்டது. அப்போது சலாவுக்கு 31 வயது. முப்பதைத் தாண்டிய ஒரு ஃபார்வர்டுக்கு அவ்வளவு பணத்தை வேண்டாம் என்று சொன்னது பைத்தியக்காரத்தனம் என்று அன்றைக்குப் பேசாதவர்கள் இல்லை. 2024-25இல் என்ன ஆயிற்று? பிரீமியர் லீக்கில் 29 கோல், 18 அசிஸ்ட். 38 ஆட்டங்கள் கொண்ட சீசனில் வேறு யாரும் அந்தக் கணக்கைத் தொட்டதில்லை. 2025 ஏப்ரல் 27ஆம் தேதி சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் டாட்டன்ஹாமை 5-1 என்று ஜெயித்து லிவர்பூல் தன் 20வது லீக் பட்டத்தை எடுத்தது. உங்கள் முதல் கோஷ்டி நண்பர்கள் அந்த ராத்திரி எவ்வளவு பட்டாசு வெடித்தார்கள் என்று கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். விற்றிருந்தால் அந்த ராத்திரியே இல்லை.

ஆனால் உங்கள் கோஷ்டியோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. பெஞ்சில் உட்கார வைத்தது நன்றிகெட்டதனம் என்கிறீர்கள். அப்படி இல்லை. சலா பின்னால் ஓடி வந்து டிஃபென்ஸுக்கு உதவுகிற ஆள் கிடையாது, என்றைக்குமே கிடையாது. கோல் மேல் கோல் விழுந்துகொண்டிருந்தபோது அதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வருஷக்கணக்கில் ஆடிப் பழகிய அலெக்சாண்டர்-ஆர்னால்ட் ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார். முன்னால் விர்ட்ஸ், இசாக், எகிடிகே என்று எல்லாம் புது முகங்கள். ஜூலையில் டியோகோ ஜோட்டாவைக் கார் விபத்தில் பறிகொடுத்த டீம் வேறு, அந்தத் துக்கத்தை எந்த ஃபார்ம் கணக்கில் எழுதுவது? இத்தனைக்கும் நடுவே வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்த ஒரு பயிற்சியாளர், வலது பக்கம் ஓட்டை விழுகிறது என்று பார்த்து ஆளை மாற்றுகிறார். நவம்பர் 30ஆம் தேதி சலா இல்லாமல் வெஸ்ட் ஹாமை 2-0 என்று ஜெயிக்கவும் செய்தார்கள். அது அவருடைய வேலை. பழைய கோல்களுக்கு நாம் பட்டிருக்கிற கடனை இன்றைய லெவனில் ஒரு இடம் கொடுத்துத் தீர்க்க முடியாது தம்பி. அதைக் கைதட்டித்தான் தீர்க்கணும், பேர் சொல்லிப் பாடித்தான் தீர்க்கணும், ஒரு ஆட்டம் சொதப்பியதும் கிழவன் என்று எழுதாமல் இருந்து தீர்க்கணும்.

அந்தப் பேட்டியில் எல்லோரும் பலிகடா என்ற பேச்சையே பிடித்துக்கொண்டார்கள். எனக்கு உறைத்தது வேறு. பயிற்சியாளரோடு நல்ல உறவு இருந்தது, திடீரென்று ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது, ஏன் என்று எனக்குத் தெரியவில்லை என்கிற அர்த்தத்தில் சொன்னார் பாருங்கள், அதுதான். அவர் அதை மைக் முன்னால் கொட்டியிருக்கக் கூடாது, அறைக்குள் பேசியிருக்கணும், அதற்காக இன்டர் மிலானோடு ஆடப் போனபோது அவரை விட்டுவிட்டுப் போனதும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் 33 வயதில், 2025 ஏப்ரலில்தான் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்ட ஒரு மனிதருக்குத் தான் ஏன் வெளியே இருக்கிறோம் என்று தெரியவில்லை என்றால், தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அப்புறம் பிரைட்டனுக்கு எதிராக 26வது நிமிடத்தில் இறங்கினார், அவர் போட்ட கார்னரில் எகிடிகே இரண்டாவது கோல் அடித்தார், அரங்கம் முழுக்க அவர் பேரைச் சொல்லிக் கத்தியது. ஜனவரியில் கோபத்தோடு விற்கக் கூடாது. போகிறார் என்றால் மே மாதம் போகட்டும், ஆன்ஃபீல்டில் கடைசி ஆட்டம் ஆடி, எல்லோரும் எழுந்து நிற்க.

சீனியரை அனுப்புவது சரியா தப்பா என்பதற்குப் பழைய கதைகளில் ஒரே மாதிரியான பதில் கிடைக்காது. இத்தாலி மிட்ஃபீல்டர் பிர்லோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் ஏசி மிலான் லீக் பட்டம் ஜெயித்தது, அந்த சீசனில் பிர்லோ பாதிக்கு மேல் காயத்தில் வெளியே இருந்தார். அவர் இல்லாமலே ஜெயித்தோமே, வயதும் 32 ஆகிறதே என்று மிலான் நினைத்ததில் அப்போதைக்குத் தப்பே சொல்ல முடியாது. விட்டுவிட்டார்கள். பிரிவுப் பரிசாக ஒரு பேனா கொடுத்தார்கள். அவர் யுவென்டஸுக்குப் போய் முதல் சீசனிலேயே லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வாங்கினார், தொடர்ந்து நாலு வருஷம் வாங்கினார். பார்சிலோனா 2020இல் 33 வயது ஃபார்வர்ட் சுவாரஸை அனுப்பியது. புதுப் பயிற்சியாளர் ஃபோனில்தான் விஷயத்தைச் சொன்னார். அட்லெடிகோ மாட்ரிட்டுக்குப் போனவர் லீக்கில் 21 கோல் போட்டார், கடைசி நாளில் வயாடோலிட்டுக்கு எதிராக ஜெயிக்க வைத்த கோலும் அவருடையதுதான், பட்டம் அட்லெடிகோவுக்கு. இதே பார்சிலோனாவிடம் 2007இல் தியரி ஆன்ரியை ஆர்சனல் விற்றபோது அவருக்கு முப்பது ஆகப்போகிறது. இரண்டு வருஷத்தில் அங்கே மூன்று கோப்பை ஒரே சீசனில் ஜெயித்தார், அதனால் ஆர்சனல் முட்டாள் என்று சொல்லிவிட முடியுமா? ஆர்சனலின் அப்போதைய பயிற்சியாளர் வெங்கர் முப்பது தாண்டியவர்களுக்கு ஒவ்வொரு வருஷமாகத்தான் ஒப்பந்தம் கொடுப்பார், அதை ஆட்டக்காரர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லியும் விடுவார்.

நல்லபடியாக முடிந்த ஒன்றும் சொல்லணும். சன் ஹியுங்-மின் டாட்டன்ஹாமில் பத்து வருஷம் ஆடினார். 2025 மே மாதம் யூரோபா லீக் கோப்பையைக் கேப்டனாகத் தூக்கினார், அப்புறம் தானே கிளப்பிடம் போய்ப் போகிறேன் என்றார். ஆகஸ்ட் 3ஆம் தேதி சியோலில், சொந்த மக்கள் முன்னால் கடைசி ஆட்டம். அவர் வெளியேறும்போது எதிரணியான நியூகாஸில் ஆட்டக்காரர்களும் சேர்ந்து வரிசையில் நின்று அனுப்பினார்கள், ஆள் தேம்பித் தேம்பி அழுதார். அப்புறம் லாஸ் ஏஞ்சலிஸ் கிளப்புக்குப் போனார். 2025 டிசம்பரில் லண்டனுக்கே வந்து ரசிகர்களிடம் விடைபெற்றுக்கொண்டார். டாட்டன்ஹாமுக்கு டிரான்ஸ்ஃபர் பணமும் கிடைத்தது. யாருக்கும் யார் மேலும் மனக்கசப்பு இல்லை.

இப்போது உங்கள் டீம். உலகத்தில் அநேகமாக எந்த ஃபுட்பால் கிளப்பும் ஒப்பந்தத்தில் இருக்கிற ஆட்டக்காரரின் கையெழுத்து இல்லாமல் அவரை இன்னொரு கிளப்புக்கு அனுப்ப முடியாது. 2025 நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்து சென்னை சஞ்சு சாம்சனை எடுத்ததே, 2023 ஃபைனலில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்துக் கொடுத்த ஆளை அனுப்புகிறார்களே என்று நம்ம ஊரில் எத்தனை பேர் நொந்து போனார்கள், அந்த ஐபிஎல் டிரேடுக்குக்கூட ஆட்டக்காரர் சம்மதம் வேண்டும் என்பதுதான் விதி. பதினாலு பேர் டீமில் பதிமூன்று பேர் தனி குரூப்பில் மூன்று வாரம் பேசியிருக்கிறீர்கள். அந்த அண்ணாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடிதத்தில் என்னை உறுத்தியது இது ஒன்றுதான். மாற்றிக்கொள்ளலாமா என்ற யோசனையில் எந்தத் தப்பும் இல்லை. கிருஷ்ணகிரி சின்ன ஊர் தம்பி, காவேரிப்பட்டணத்துக்காரர் யாராவது ரவுண்டானாவில் அவரைப் பார்த்து எப்போ நம்ம டீமுக்கு வர்றீங்க என்று கேட்டுவிட்டால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்?

ஆட்டக் கணக்காகவும் ஒன்று யோசியுங்கள். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் இந்தப் பக்கம் செவன்ஸ் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல ஸ்டாப்பர் பாதி நேரம் வாயால்தான் ஆடுவார். அப்படி ஒருவரைக் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். கார்னர் வந்தால் ஃபார்வர்டின் பனியனை இடுப்பருகில் இரண்டு விரலால் பிடித்திருப்பார், ரெஃப்ரிக்குத் தெரியாது. பந்து காற்றில் இருக்கும்போதே கோலிக்கு ‘விடு’ என்றோ ‘வா வா’ என்றோ ஒரே குரல். கோலி கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலை நம்புவான். இப்போது நீங்கள் ஸ்டாப்பரைக் கொடுத்துவிட்டுக் கோலியை வாங்கினால், ஊருக்குப் புதுசான ஒரு பையன், குரலே பழகாத ஒரு டிஃபென்ஸுக்குப் பின்னால், மூன்று நாலு ஆட்டத்தில் முடிந்துபோகிற ஒரு டோர்னமென்ட்டில் நிற்பான். அண்ணா மெதுவாகத் திரும்புகிறார் என்பது கண்ணுக்குத் தெரிகிறது, அவர் குரல் தடுத்த கோல்கள் ஸ்கோரில் தெரியாது. ரோலிங் சப் இருக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் கடைசிப் பத்து நிமிடம் லீடைக் காப்பாற்ற அவரை இறக்கலாமே. உங்கள் பக்கத்திலேயே பெங்களூரில் சுனில் சேத்ரி நாற்பது வயதில் சில ஆட்டங்களில் பெஞ்சிலிருந்து இறங்கினார், அந்த 2024-25 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் 14 கோல், இந்திய ஆட்டக்காரர்களில் அவர்தான் முதல். கன்டீரவா ஸ்டேடியத்துக்கு ஓசூர் நண்பர்கள் போயிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

அதே நேரம், அவரைத் தக்கவைப்பதுதான் மரியாதை என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். காவேரிப்பட்டணத்தில் அவர் ஏழு பேரில் ஒருவராக முழு ஆட்டமும் ஆடலாம். முட்டிவலியோடு இன்னும் எத்தனை பொங்கல் ஆடப் போகிறோம் என்று அவரும் யோசித்துக்கொண்டிருப்பார். உங்களோடு பெஞ்சில் இருப்பதைவிட அங்கே ஆடுவது அவருக்குப் பிடிக்கலாம். அதை அவர் சொல்லணும். குரூப்பில் மெசேஜ் போட்டுக் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து நெட்டைக் கழற்றும்போது நீங்களும் இன்னொருவரும் போய் உட்கார்ந்து, கோலி பிரச்சினையை மறைக்காமல் சொல்லி, உங்களுக்கு என்ன தோணுதுண்ணா என்று கேளுங்கள். தனி குரூப் இருந்ததையும் சொல்லிவிடுங்கள், எப்படியும் தெரிந்துவிடும்.

போகிறேன் என்று சொன்னால் லோனாக அனுப்புங்கள். இந்த ஒரு டோர்னமென்ட்டுக்கு மட்டும், முடிந்ததும் அவர் இங்கே, அந்தக் கோலி அங்கே, என்று இரண்டு கேப்டன்களும் முதலிலேயே பேசிக்கொள்ளணும். சேத்ரி பெங்களூரு எஃப்சிக்கு ஆடிவந்த காலத்திலேயே 2015இலும் 2016இலும் ஐஎஸ்எல்லுக்கு மும்பை சிட்டியில் ஆடினார், முடிந்ததும் திரும்பி வந்தார், யாரும் அவரை வேற்று ஆளாகப் பார்க்கவில்லை. இன்னொன்றையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்: நீங்களும் காவேரிப்பட்டணமும் மோத வேண்டி வந்தால் என்ன செய்வது? பிரீமியர் லீக்கில் லோனில் போனவர் சொந்த கிளப்புக்கு எதிராக ஆட முடியாது. உங்கள் டோர்னமென்ட்டில் அந்தத் தடை எதற்கு, ஆடட்டும். உங்கள் ஃபார்வர்ட் பையன்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று அவருக்கு அத்துப்படி என்பதால், அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் வேறு மாதிரி பிராக்டிஸ் பண்ண வேண்டியிருக்கும்.