வாசகர் கேள்வி: ஐந்து முறையும் 130/80

கேள்வி: எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தேசியத் தரச் சான்றிதழ் கிடைத்து, அதைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் விசைப்படகில் தொழிலுக்குப் போகும் என் அப்பாவின் பிரஷர் அட்டையில் ஐந்து முறையும் 130/80 என்றே எழுதியிருக்கிறது. நான் எதை நம்புவது?
– ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிராமம்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். ரத்த அழுத்தம் ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்குவது. ஐந்து வருகையிலும் அது அசையாமல் நிற்பது அபூர்வம். பாதரசக் கருவியில் கோடுகள் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் 128, 134, 142 என்று பலவகை இரட்டைப்படை எண்கள் வர வேண்டும். டிஜிட்டல் கருவி என்றால் ஒற்றைப்படையும் கலந்து வரும். பக்கத்துக்குப் பக்கம் கடைசி இலக்கம் சுழியமாகவே இருக்கும் பதிவேடு, அளந்து எழுதியதைவிடக் கண்மதிப்பில் எழுதியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதற்காகச் செவிலியரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. நோயாளியை ஐந்து நிமிடம் உட்கார வைத்து அளக்கச் சொல்லிவிட்டு, வெளியே நீண்ட வரிசையையும் நிற்க வைத்தால் யாருக்கும் இதுதான் நடக்கும்.

சான்றிதழும் பொய்யன்று. மருத்துவத் தரத்தை அமைப்பு, செய்முறை, விளைவு என மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவத் தர ஆய்வாளர் டோனபீடியன் 1966-இல் எழுதினார். தேசியத் தர உறுதித் திட்டத்தின் மதிப்பீட்டாளர்கள் மருந்திருப்பு, நோயாளியின் உரிமை, தொற்றுத் தடுப்பு, சிகிச்சை முறை எனப் பலவற்றையும் பார்த்து மதிப்பெண் இடுகிறார்கள். சான்று பெற மொத்தத்தில் குறைந்தது 70 சதவீதம் தேவை. விளைவுகளுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் பிரஷர் நோயாளிகளைப் பொறுத்தவரை அந்த விளைவைச் சொல்வது நீங்கள் சந்தேகப்படும் இதே பதிவேடுதான்.

அளவு சரியாக இருந்தாலும் கணக்கு ஏமாற்றலாம். உதாரணமாக, 200 பேர் பதிவு செய்த இடத்தில் 100 பேர் மட்டும் வந்து, அவர்களில் 80 பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே இருந்தால், வந்தவர்கள் கணக்கில் அது 80 சதவீத வெற்றி, பதிவு செய்தவர்கள் கணக்கில் 40 சதவீதம். வராத 100 பேர் யார் என்பதுதான் உங்கள் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி. பரிசோதனை நாளில் கடலில் இருந்தவர்களாக அவர்களில் பலர் இருக்கக்கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்து வருகையை மற்ற மாதங்களோடு ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் மருத்துவரைக் குறை சொல்வதால் பயனில்லை; பரிசோதனை நாளைப் படகுகள் கரையில் நிற்கும் நாளுக்கு மாற்றுவதும், 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் விடுபட்டவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும், இரண்டு மாதம் கழித்து அதே கணக்கை மறுபடி எடுப்பதும்தான் தரத்தை உயர்த்தும் வேலை. கிராம சபையில் நீங்களே இதைக் கேட்கலாம்.

அப்பாவுக்கு: கடலிலிருந்து வந்த கையோடு அளக்க வேண்டாம். தேநீர், பீடி இல்லாமல் அரை மணி நேரம் கழியட்டும். முதுகு சாய்ந்து, கை நெஞ்சின் உயரத்தில் இருக்க, பேசாமல் அளந்து, ஒரு வாரம் காலையும் மாலையும் வந்த எண்ணை அப்படியே நோட்டில் எழுதுங்கள். மருத்துவரிடம் அட்டையோடு அந்த நோட்டையும் காட்டுங்கள். 130/80 என்று எழுதியிருக்கிறதே என்று மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.