720-இல் எத்தனை பிக்ஸல் படத்துக்குச் சொந்தம்?

கேள்வி: பி.ஏ.எல். (இந்தியாவில் புழங்கிய டி.வி. முறை) வி.எச்.எஸ். டேப்பைக் கணினியில் ஏற்றினேன். கோப்பு 720×576 என்று காட்டுகிறது. 720-ஐ 576-ஆல் வகுத்தால் 1.25 வருகிறது; பழைய டி.வி. திரையின் அகல-உயர விகிதமான 4:3 என்றால் 1.33 அல்லவா வர வேண்டும்? ஒரு மென்பொருள் இதை 768 அகலத்துக்கு இழுக்கிறது, இன்னொன்று 788 என்கிறது. எது சரி?

பதில்: 720 முழுவதையும் இழுப்பதானால் 788-தான் சரிக்கு நெருக்கம். காரணம் டேப்பில் இல்லை, அனலாக் சிக்னலை டிஜிட்டலாக்க மாதிரி எடுக்கும் கடிகாரத்தில் இருக்கிறது. 1982-இல் வந்த சி.சி.ஐ.ஆர். 601 என்ற டிஜிட்டல் வீடியோ தரம், 625 வரி முறைக்கும் (பி.ஏ.எல்.) 525 வரி முறைக்கும் (என்.டி.எஸ்.சி.) பொதுவாக விநாடிக்கு 1 கோடியே 35 லட்சம் மாதிரிகள், அதாவது 13.5 மெகாஹெர்ட்ஸ், எடுக்கச் சொன்னது. பி.ஏ.எல். படத்தில் பிக்ஸல் சதுரமாக வர வேண்டுமானால் 14.75 மெகாஹெர்ட்ஸ் தேவை. மாதிரி எடுப்பது குறைந்ததால் ஒவ்வொரு பிக்ஸலும் அகன்றுவிட்டது. 14.75-ஐ 13.5-ஆல் வகுத்தால் 59/54, சுமார் 1.093. நடைமுறையில் இதையே 12:11 என்று வைத்துக்கொள்கிறார்கள்.

இனி முக்கியமான இடம். பி.ஏ.எல். வரியில் படம் ஓடும் நேரம் 52 மைக்ரோ நொடி. அதை 13.5-ஆல் பெருக்கினால் 702. 4:3 படம் இந்த 702-க்குள் அடங்கிவிடுகிறது. மீதி 18 பிக்ஸல், அனலாக் சிக்னலின் விளிம்பு இப்படியும் அப்படியும் நகர்ந்தாலும் படம் வெட்டுப்படாமல் இருக்க விட்ட ஓரம். உங்கள் கோப்பின் இரு பக்கமும் தெரியும் மெல்லிய கறுப்புப் பட்டை அதுதான். அந்த ஓரத்தையும் படமாகக் கணக்கிட்டு 720 முழுவதையும் 768-க்குள் திணித்தால் முகங்கள் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் ஒல்லியாகும். இரண்டு சதவீதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஒருமுறை தவறாக மாற்றி, மூல டேப்பும் கெட்டுவிட்டால் திருத்துவதற்கு ஆதாரமே இருக்காது.

செய்ய வேண்டியது: மொத்தம் 16 பிக்ஸலை வெட்டி 704×576 ஆக்குங்கள், பிறகு 768×576 ஆக மாற்றுங்கள். 704-ஐ 12/11-ஆல் பெருக்கினால் மிச்சமில்லாமல் 768 வரும். பக்கத்துக்கு 8 என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்ட வேண்டாம். இடப்பக்கம் 14, வலப்பக்கம் 4 என்று பட்டை இருந்தால் 12-ம் 4-ம் வெட்டுங்கள். எப்போதும் இரட்டைப்படை எண்ணாகவே இருக்கட்டும். நிறத் தகவல் இரண்டு பிக்ஸலுக்கு ஒன்றாகத்தான் பதிவாகிறது.

சந்தேகம் இருந்தால் நேராகப் பார்த்த சக்கரத்தையோ கடிகார முகத்தையோ மூலக் கோப்பில் அளந்து பாருங்கள். உயரம் 300 பிக்ஸல் என்றால் அகலம் 275 இருக்க வேண்டும். 281 வந்தால் யாரோ 720 முழுவதையும் 4:3 என்று எண்ணித் தயாரித்த படம். கணினியில் வரைந்த தலைப்புகளில் இது உண்டு. 300-க்கு 300 வந்தால் பிக்ஸல் ஏற்கெனவே சதுரம். அதைத் தொட வேண்டாம்.

கேள்வி: என்.டி.எஸ்.சி. (அமெரிக்கா, ஜப்பானில் புழங்கிய டி.வி. முறை) டேப்புக்கும் இதே கணக்கா?

பதில்: வழி அதே, எண் தலைகீழ். அங்கே பிக்ஸல் ஒல்லி, 10:11. 704×480-ஐ 640×480 ஆக்குங்கள். சில கருவிகள் 486 வரி தரும். அதை 480-க்குச் சுருக்கவே கூடாது. ஆறு வரிகளை வெட்டுங்கள், மேலே 4, கீழே 2 என்பதுபோல் இரட்டைப்படையாக. மேலே ஒற்றைப்படையில் வெட்டினால் ஃபீல்டு (ஒரு படத்தின் ஒற்றைப்படை வரிகள் ஒன்றும் இரட்டைப்படை வரிகள் ஒன்றுமாகப் பிரியும் பாதி) வரிசை மாறி, அசைவெல்லாம் முன்னும் பின்னும் துள்ளும்.

கேள்வி: அளவை மாற்றாமல், விகிதத்தை மட்டும் கோப்பில் குறித்துவைத்தால் போதாதா?

பதில்: பாதுகாத்து வைக்கும் பிரதிக்கு அதுதான் மேல். 720×576, இன்டர்லேஸ் (இரு ஃபீல்டும் வரிக்கு வரி மாறி மாறி இருப்பது), பிக்ஸல் விகிதம் 12:11 என்று குறித்து அப்படியே வையுங்கள்; ஒரு பிக்ஸல்கூட மறுபடி கணக்கிடப்படாது. எச்.264 என்ற வீடியோ சுருக்க முறை இந்தக் குறிப்பை ஏற்கும். டி.வி.டி.யின் சுருக்க முறையான எம்பெக்-2-இல் பிக்ஸல் விகிதத்தை எழுத இடமில்லை. திரை 4:3-ஆ 16:9-ஆ என்று மட்டுமே சொல்லலாம். டி.வி.டி. 704×576-ஐயும் ஏற்கும் என்பதால் அங்கே வெட்டிய படமே நல்லது.

பகிர்வதற்கான பிரதி வேறு. குறிப்பைக் கண்டுகொள்ளாத பிளேயர்கள் இருப்பதால் சதுர பிக்ஸலாகவே கொடுங்கள். 1920×1080 வேண்டுமானால் 704 அகலப் படத்தை 1440×1080 ஆக்கி, இரு பக்கமும் 240 கறுப்பு விடுங்கள். திரை முழுக்க இழுத்தால் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு அகன்றுவிடுவார்கள். உயரத்தை மாற்றும் முன் டி-இன்டர்லேஸ் (ஃபீல்டுகளை முழுப் படங்களாக்குவது) செய்தே ஆக வேண்டும், முடிந்தால் நொடிக்கு 50 பிரேமாக. அப்படிச் செய்யாமல் உயரத்தை மாற்றினால் இரண்டு ஃபீல்டும் ஒன்றோடொன்று குழைந்துவிடும். அதைப் பிரித்தெடுக்க வழியில்லை.