பிடி பருத்தியிலும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு: விதை போலியா, புழு மாறிவிட்டதா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் கரிசல் நிலத்தில் மூன்று ஏக்கர் இறவைப் பருத்தி. மாசிப் பட்டத்தில் போட்டது. பாக்கெட்டில் ‘போல்கார்டு 2’ (காய்ப்புழுவைக் கொல்ல மரபணு மாற்றிய பிடி, அதாவது Bt, பருத்தி) என்றுதான் இருந்தது. 90 நாளுக்குப் பிறகு எந்தக் காயைப் பிளந்தாலும் புழு. விதை போலியா? காயையோ புழுவையோ கொடுத்து மரபணு சோதனை செய்ய முடியுமா? அடுத்த பட்டத்துக்கு என்ன செய்வது?

பதில்: பெரும்பாலும் விதை சரியாகத்தான் இருக்கும். மாறியது புழு. ஆனாலும் விதையைச் சோதிப்பது எளிது என்பதால் அதை முதலில் முடித்துவிடுங்கள்.

உங்கள் காயில் இருப்பது எந்தப் புழு என்று பாருங்கள். காயில் பெரிய ஓட்டை, பாதி உடம்பு வெளியே, ஓட்டை வாயில் ஈரமான எச்சம் என்றால் அது பச்சைக் காய்ப்புழு. வெளியே ஓட்டையே தெரியாமல், பிளந்தால் உள்ளே விதையைத் தின்றுகொண்டிருந்தால் அது இளஞ்சிவப்புக் காய்ப்புழு. பெயரை நம்பி நிறத்தைத் தேடாதீர்கள். சிறு புழு வெள்ளையாக, தலை மட்டும் கருப்பாக இருக்கும். நன்றாக வளர்ந்த பிறகுதான் முதுகில் இளஞ்சிவப்புப் பட்டை வரும். பச்சைக் காய்ப்புழுவும் புள்ளிக் காய்ப்புழுவும் வயலில் தாராளமாகக் கிடைத்தால் விதையைச் சந்தேகிக்கலாம். இளஞ்சிவப்பு மட்டும்தான் என்றால் விதை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

உறுதிப்படுத்த ‘ஸ்டிரிப்’ சோதனை போதும். நகத்தளவு இளம் இலையைச் சிறு குழாயில் போட்டு, உடன் வரும் கரைசலை ஊற்றி நசுக்கி, பட்டையை நிறுத்தினால், பிடி புரதம் இருக்கும் இலைக்குச் சில நிமிடங்களில் அதற்கான கோடு விழும். ஒரு செடியில் மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். இப்போது வரும் 475 கிராம் பாக்கெட்டில் குறைந்தது 5 சதவீதம் பிடி அல்லாத விதையை வேண்டுமென்றே கலந்துதான் அடைக்கிறார்கள். கோடு விழாத ஒரு செடி கிடைப்பது இயல்பு. வயலின் நாலு மூலையும் நடுவுமாக 20 செடிகளில் எடுங்கள். பாதிக்குப் பாதி கோடு விழவில்லை என்றால் பில்லையும் காலி பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வேளாண்மை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். பில் இல்லாமல் வாங்கிய விதைக்கு இந்த வழி அடைபட்டுவிடும்.

இனி புழு எப்படி மாறியது என்பதற்கு வருவோம். இது புரிந்தால்தான் அடுத்த பட்டத்துக்குச் சொல்லப்போகும் வேலைகளின் காரணம் விளங்கும்.

பிடி செடி, பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் புரதத்தைத் தானே தயாரிக்கிறது. 2002-ல் இந்தியாவில் அனுமதி பெற்ற முதல் பிடி பருத்தியில் கிரை1ஏசி என்ற ஒரே புரதம். 2006-ல் வந்த போல்கார்டு 2-ல் கூடுதலாக கிரை2ஏபி. இந்தப் புரதம் புழுவின் நடுக்குடல் சுவரில் இருக்கும் குறிப்பிட்ட ஏற்பியில் ஒட்டினால்தான் குடல் துளைபட்டுப் புழு சாகும். கிரை1ஏசிக்கு அந்த ஏற்பி கேட்ஹெரின். பூட்டுக்குள் சாவி நுழைவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்ஹெரினுக்கான மரபணு பழுதாகிப் பூட்டின் வடிவம் கெட்டுவிட்டால் சாவி நுழையாது, புழு சாகாது. கிரை2ஏபி விஷயத்தில் பழுதாவது வேறு மரபணு, ஏபிசிஏ2 என்பது. குஜராத்தில் முதலில் கிரை1ஏசிக்கும், 2014-ஐ ஒட்டி இரண்டுக்கும் தாங்கும் புழு தென்பட்டது. பிறகு மத்திய, தென்னிந்தியப் பருத்திப் பகுதிகளிலும் அது நிலைத்துவிட்டது. இந்தியப் புழுக்களின் கேட்ஹெரின் மரபணுவைப் படித்தபோது, பழுது ஒரே இடத்தில் ஒரே மாதிரி இல்லை, பல வடிவங்களில் இருந்தது. அதனால்தான் “இந்தப் புழு தாங்குமா, தாங்காதா” என்று ஒரே மரபணு சோதனையில் சொல்லிவிட முடிவதில்லை.

இந்தக் குணம் ஒடுங்கு குணம். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் புழு பிழைக்கும். ஒரு பிரதி நல்லதாக இருந்தாலே செத்துவிடும். உதாரணத்துக்கு, ஆயிரம் பிரதிகளில் ஒன்று பழுது என்றால், இரண்டும் பழுதான புழு பத்து லட்சத்தில் ஒன்றுதான். பிடி வயலில் தப்பிப் பிழைக்கும் அந்த ஒன்று, பக்கத்தில் பிடி அல்லாத பருத்தியில் வளர்ந்த சாதாரண அந்துப்பூச்சியோடு இணைந்தால், குஞ்சுகள் அத்தனையும் ஒரு நல்ல பிரதியோடு பிறக்கும். பிடி காயைத் தின்றதும் சாகும். பக்கத்தில் சாதாரண அந்துப்பூச்சியே இல்லாவிட்டால், தப்பியதும் தப்பியதும் இணையும். குஞ்சுகள் எல்லாமே தாங்கும் புழுக்கள்.

முன்பு 450 கிராம் பிடி விதையோடு பிடி அல்லாத விதை 120 கிராம் தனிப் பொட்டலமாக வரும், நினைவிருக்கிறதா? வரப்போரம் விதைக்கச் சொன்னது இதற்காகத்தான். புழு தின்னும் விதை எதற்கு என்று பல இடங்களில் அது விதைக்கப்படவே இல்லை. சில பாக்கெட்டில் அதற்குப் பதில் துவரை வந்தது. துவரை பச்சைக் காய்ப்புழுவுக்குப் புகலிடம் ஆகும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு துவரையைத் தொடாது. அதற்குப் பருத்திதான் வீடு, மிஞ்சிப்போனால் வெண்டை, துத்தி போன்ற அதே குடும்பச் செடிகள். இப்போதைய பாக்கெட்டில் விதையைக் கலந்தே கொடுப்பதால் அந்தத் தவறு நேராது. இந்தப் புழு பிறந்த காயைவிட்டு அதிகம் நகர்வதில்லை என்பதால் கலப்பு முறை இதற்குப் பொருந்தும். ஆனால் தாங்கும் புழு பெருகிய பிறகு வந்த மருந்து இது. வேகமாகப் பலன் தராது.

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு காரணம், நாம் போடுவது வீரிய ஒட்டு ரகம். அந்தச் செடியில் ஒவ்வொரு பிடி மரபணுவும் ஒற்றைப் பிரதியாகத்தான் இருக்கிறது. ஆகவே காய்க்குள் இருக்கும் விதைகள் பிரிந்து அமைகின்றன. ஒரு காயில் 32 விதை என்று வைத்தால், கணக்குப்படி 18 விதையில் இரண்டு புரதமும் இருக்கும், 12-ல் ஏதாவது ஒன்று, 2-ல் எதுவுமே இருக்காது. புழு தின்பது விதையை. ஒரே காய்க்குள் நஞ்சுள்ளதும் இல்லாததும் கலந்து கிடைத்தால், அரைகுறையாகத் தாங்கும் புழுவும் பிழைத்துக்கொள்ளும். அதோடு பயிரின் வயது ஏற ஏற இலையிலும் காயிலும் கிரை1ஏசி அளவு குறைந்துகொண்டே போய், 110 நாளுக்குமேல் புழுவைக் கொல்லப் போதாமல் ஆகிறது. நீங்கள் 90 நாளுக்குப் பிறகு புழுவைப் பார்த்ததில் வியப்பில்லை.

இனி உங்கள் ஊர்க் கணக்கு. மதுரை, விருதுநகர், தேனி வட்டாரத்தில் ஆவணி, புரட்டாசியில் ஒரு பருத்தி, மாசியில் இன்னொரு பருத்தி. முதல் பயிர் தை, மாசியில் முடிகிறது. மாசியில் விதைத்தது பங்குனிக் கடைசியில்தான் சப்பை (பூமொட்டு) கட்டும். அந்துப்பூச்சி உயிரோடு இருப்பதே ஒன்றிரண்டு வாரம். தை முடிவில் ஊரில் பச்சைப் பருத்தியே இல்லையென்றால், இடையில் வெளிவரும் பூச்சிக்கு முட்டையிட இடமின்றி அப்படியே முடிந்துவிடும். ஆனால் நாலு வயல் தள்ளி ஒருவர், “இன்னும் ஒரு எடுப்பு வரும்” என்று பழைய செடிக்குத் தண்ணீர் விட்டுச் சித்திரைவரை வைத்திருந்தால், அந்த ஒரு வயலே பாலம். தாங்கும் புழு அங்கிருந்து உங்கள் சப்பைக்கு நேராக வரும். எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் இந்தப் பாலத்தை உடைக்க மருந்து கிடைக்காது. ஆகவே அடுத்த பட்டத்துக்கு முதல் வேலை உங்கள் வயலில் இல்லை, பக்கத்து வயல்காரர்களிடம் பேசுவதுதான். 150 முதல் 160 நாளில் செடியை முடித்துவிட எல்லாரும் ஒத்துக்கொண்டு, விதைப்பையும் பத்துப் பதினைந்து நாளுக்குள் சேர்ந்து போடுங்கள்.

கடைசி எடுப்பு முடிந்ததும் வயலில் ஆட்டுக் கிடை போடுங்கள். ஆடு மிச்சக் காயையும் சப்பையையும் கடித்து முடித்துவிடும். பிறகு மாரை (அறுவடை முடிந்த செடித்தண்டை) பிடுங்கி உடனே அப்புறப்படுத்துங்கள். அடுப்புக்கென்று பருத்தி மாரை வரப்பிலோ வீட்டு ஓரத்திலோ அடுக்கி வைப்பதுதான் பெரிய ஆபத்து. அதில் ஒட்டியிருக்கும் வெடிக்காத காயை ஒன்று உரித்துப் பாருங்கள். இரண்டு விதைகள் பட்டு நூலால் ஒட்டவைத்தாற்போல் இரட்டையாக இருக்கும். பிரித்தால் நடுவில் சுருண்ட புழு. அந்த உறையில் அது மாதக் கணக்கில் உறங்கும். கொட்டுப் பருத்தியை (புழு தாக்கிக் கறைபட்ட பருத்தியை) தனியாகப் பிரித்து உடனே விற்றுவிடுங்கள். வீட்டில் மூட்டை கட்டி வைக்காதீர்கள். கோடை உழவு மண்ணிலுள்ள கூட்டுப்புழுவை வெயிலுக்குக் கொண்டுவரும்.

பயிர் 45 நாளானதும் இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு இரண்டு. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கான ‘காசிப்ளூர்’ குளிகை என்று பெயர் சொல்லி வாங்குங்கள். பச்சைக் காய்ப்புழுக் குளிகையைப் போட்டுவிட்டுப் பூச்சியே விழவில்லை என்று நிம்மதியாக இருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. பொறி செடி உச்சிக்கு ஓர் அடி மேலே இருக்கட்டும். செடி வளர வளர உயர்த்துங்கள். குளிகையை அதன் உறையில் போட்டிருக்கும் நாள்கணக்கில் மாற்றுங்கள். காலையில் எண்ணி எழுதிவிட்டுப் பையைக் காலி செய்யுங்கள். ஒரு பொறியில் இரவுக்கு 8 பூச்சி, தொடர்ந்து மூன்று இரவு என்றால் மருந்துக்கு நேரம் வந்துவிட்டது.

பொறியை மட்டும் நம்பாமல் வாரம் ஒருமுறை பூவைப் பாருங்கள். விரியாமல் இதழ் நுனிகள் நூலால் கட்டியதுபோல் ரோஜா மொட்டாகக் குவிந்த பூ இருந்தால் பிரித்துப் பாருங்கள், உள்ளே மகரந்தத்தைத் தின்னும் புழு இருக்கும். அந்தப் பூவைப் பறித்து அழியுங்கள். 100 பூவில் 10 இப்படி என்றால் எல்லை தாண்டியாகிவிட்டது. காய் பிடித்த பிறகு, 15-20 நாள் வயதான 20 பச்சைக் காய்களை வெவ்வேறு செடிகளில் பறித்துப் பிளந்து பாருங்கள். இரண்டில் உயிர்ப்புழு இருந்தால் அதே எல்லை.

60-ம் நாளை ஒட்டி வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் முட்டையிடுவதைக் குறைக்கும். 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பு கரைத்தால் சரி. முட்டை ஒட்டுண்ணி (புழுவின் முட்டையை அழிக்கும் சிறு குளவி) கட்டுவதானால் ஏக்கருக்கு 60,000, அதாவது 20,000 முட்டை உள்ள அட்டை மூன்று, வார இடைவெளியில் மூன்று தடவை. ‘டிரைக்கோகிரம்மா’ என்று பொதுவாகக் கேட்காமல் ‘டிரைக்கோகிரமட்டாய்டியா பாக்ட்ரே’ என்று கேளுங்கள். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் முட்டைக்கு ஏற்றது அதுதான். அரை மில்லிமீட்டர் குளவியைக் கண்ணால் இனம் பிரிக்க முடியாது. ஆய்வகங்களே ஐடிஎஸ்2 என்ற டிஎன்ஏ பகுதியைப் படித்துத்தான் உறுதிசெய்கின்றன. அட்டையைத் துண்டுகளாக்கி மாலையில் இலையின் அடியில் கட்டுங்கள். முன்னும் பின்னும் ஒரு வாரம் பூச்சிமருந்து கூடாது.

எல்லை தாண்டினால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி, 10 லிட்டர் டேங்குக்கு 4 கிராம். அடுத்த தடவை வேறு வகை மருந்து, உதாரணமாக புரொபனோபாஸ் 50 ஈசி 20 மில்லி. முட்டையிலிருந்து வந்த புழு ஓரிரு நாளில் காய்க்குள் போய்விடும், நுழைந்த துளையும் மூடிக்கொள்ளும். அதற்குமேல் எந்த மருந்தும் அதைத் தொடாது. அதனால்தான் காயைப் பிளந்து புழுவைப் பார்த்த பிறகு அடுத்தடுத்து அடிக்கும் மருந்துக்குப் பலன் இல்லை. 120 நாளுக்கு முன் சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு அடித்தால் வெள்ளை ஈ பெருகும். தேனீக்கள் ஓய்ந்த மாலையில் அடியுங்கள்.

அமெரிக்காவில் இதே புழுவை ஒழித்துவிட்டதாக 2018 அக்டோபரில் அறிவித்தார்கள். அது பிடி விதையால் மட்டும் நடந்ததில்லை. 1996 முதல் அரிசோனா விவசாயிகள் புகலிடப் பருத்தியை, அதாவது பிடி அல்லாத பருத்தியை, ஒழுங்காக விதைத்தார்கள். பிறகு கதிரியக்கத்தால் மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து கோடி கோடியாக விட்டார்கள். அத்தனைக்கும் அடியில் இருந்தது எல்லா வயலும் ஒரே நேரத்தில் செடியை முடித்த ஒழுங்கு.

கடைசியாக, புழுவை ஆய்வுக்குக் கொடுப்பது பற்றி. புழு தாங்குகிறதா என்பது நஞ்சு கலந்த தீவனத்தில் உயிர்ப்புழுவை வளர்த்துப் பார்த்தால்தான் உறுதியாகும். அதற்குப் புழுத் தாக்கிய பச்சைக் காய் 50 முதல் 100 வரை, துணிப்பையில் போட்டு அன்றே கொண்டுபோங்கள். பாலிதீன் பையில் வேர்த்து அழுகிவிடும். ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்திலுள்ள வேளாண்மைக் கல்லூரியின் பூச்சியியல் துறையில் முதலில் கேளுங்கள். எந்த ஆய்வகம் அப்போது மாதிரி வாங்குகிறது என்று அங்கே வழிகாட்டுவார்கள். டிஎன்ஏவுக்கு மட்டும் என்றால் உயிர்ப்புழுவை நேராக 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போடவேண்டும், புழுவைப்போல் பத்து மடங்கு திரவம் இருக்கவேண்டும். மறுநாள் திரவத்தை ஒருமுறை மாற்றுங்கள், புழுவின் உடல் நீர் கலந்து செறிவு குறைந்திருக்கும். கை கழுவும் சானிடைசர் உதவாது. பார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். ஊர், தேதி, ரகம், பயிரின் வயது இவற்றைப் பென்சிலால் துண்டுத் தாளில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து போகும்.