செருப்பு அலமாரியில் ஒரு சட்டை

கேள்வி: எனக்கு 57 வயது. சிங்கப்பூரில் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் வேலை. தொழிற்சங்கத்தில் கிளைச் செயலாளர். 2025 பொதுத் தேர்தலில் எங்கள் ஜாலான் காயு தனித்தொகுதியில் என்டியுசி (தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ்) தலைமைச் செயலாளர் இங் சீ மெங் ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு நின்றார். சங்கத்து ஆட்களோடு நானும் அவருக்காக வீடு வீடாகப் போனேன். அதே புளோக்குகளில் 26 வயது மகன் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்கு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். கோவிட் சமயத்தில் எனக்கு வேலை போனபோது வேறு வேலை தேடித் தந்தது சங்கம். அவனுடைய பாலிடெக்னிக் படிப்புக்கு உதவிநிதி கொடுத்ததும் சங்கம். 2024-ல் என்டியுசியின் இன்கம் காப்புறுதி நிறுவனத்தை விற்கிற விவகாரம் வந்தபோது ஏதேதோ கேட்டான். "மேலே இருப்பவர்களுக்குத் தெரியும், உனக்கென்ன" என்றேன். இப்போது நன்றி கெட்டவன் என்று சொல்லிவிட்டேன். பேச்சே இல்லை. தேர்தல் முடிந்து இரண்டு வாரம் கழித்து, அரசியல் தெரியாத என் மனைவி அவனுடைய கட்சிச் சட்டையைத் துவைத்துக் கம்பில் காயப்போட்டிருந்தாள். நான்தான் எடுத்து ஒரு பையில் கட்டி, செருப்பு அலமாரிக்குள் வைத்தேன். நான் பதவி விலகுவதா, அவனைத் தனியாகப் போகச் சொல்வதா?
(பெயர் வேண்டாம், ஃபெர்ன்வேல்)

பதில்:

தம்பி, சங்கத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் சட்டையைப் பற்றிப் போகிற போக்கில்தான் சொல்லியிருக்கிறீர்கள். நான் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

தேர்தலுக்கு முன்னால் என்றால்கூடப் புரிந்திருக்கும். கூட்டாளிகள் படியேறி வருகிறார்கள், கிளைச் செயலாளர் வீட்டு ஜன்னலில் பாட்டாளிக் கட்சியின் வெளிர்நீலச் சட்டை ஆடிக்கொண்டிருந்தால் சங்கடம்தான். ஆனால் நீங்கள் எடுத்தது எப்போது? முடிவு வந்து, உங்கள் ஆள் 51.47 விழுக்காட்டில் ஜெயித்து, விளக்குக் கம்பத்துப் பதாகைகளையெல்லாம் கழற்றிய பிறகு. அப்போது உங்கள் புளோக்குக்குக் கீழே யார் போனார்கள்? மார்க்கெட்டுக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தானே? யார் கண்ணுக்கு மறைத்தீர்கள்?

மறைத்த இடமாவது சரியா? அலமாரியில் மடித்து வைக்கவில்லை, அவன் கட்டிலில் போடவில்லை. பெற்ற பிள்ளை உடம்பில் போட்ட துணியைச் செருப்போடு வைத்திருக்கிறீர்கள். காய்ந்ததா என்று தொட்டாவது பார்த்தீர்களா? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு உங்களைவிடப் பத்து வயது கூட. அந்த உரிமையில் சொல்கிறேன், இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கட்சிச் சண்டை வீட்டுக்கு வீடு உண்டு, சாப்பாட்டு மேசையில் கத்திவிட்டு ரசத்தை ஊற்றிக்கொள்வார்கள். நீங்கள் செய்தது சண்டையே இல்லை. பிள்ளையைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறீர்கள்.

நன்றிக்கு வருகிறேன். சங்கம் உங்களுக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. செஞ்சோற்றுக் கடன் என்று நீங்கள் தெருத் தெருவாக நடந்ததும் சரி. அது உங்கள் கடன். கர்ணன் அந்தக் கடனுக்குத் தன் பிள்ளையையும் களத்துக்குக் கூட்டிப்போனான், கண்ணெதிரே பறிகொடுத்தான். உதவிநிதி படிவத்தில் மகன் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவான் என்று கேட்டிருந்தார்களா? நீங்கள் மாதாமாதம் சந்தா கட்டிய சங்கம், உறுப்பினர் வீட்டுப் பிள்ளை படிக்கக் கொடுத்த பணம் அது. அதை விலைச்சீட்டாக மாற்றி அவன் நெற்றியில் ஒட்டியது நீங்கள்.

சங்கத்துக்கும் மக்கள் செயல் கட்சிக்கும் உள்ள உறவு ரகசியமில்லை. என்டியுசி அதை ஒருநாளும் ஒளித்ததில்லை. அந்த ஏற்பாட்டில் தெரிந்தேதான் பொறுப்பு எடுத்திருக்கிறீர்கள். ஆனால் உறுப்பினரின் ஓட்டு சங்கத்தின் சொத்து என்று யார் சொன்னது? 1981-ல் ஆன்சனை நினைத்துப் பாருங்கள். என்டியுசியைக் கட்டி வளர்த்த தேவன் நாயர் அதிபராகப் போனதால் காலியான தொகுதி, துறைமுகத் தொழிலாளர்கள் நிறைந்த இடம். கொள்கலன்களுக்கு இடம் வேண்டும் என்று பிளேர் பிளெயின் வீடுகளைக் காலி செய்யச் சொன்ன ஆத்திரத்தில் இருந்தார்கள். அங்கேதான் பாட்டாளிக் கட்சியின் ஜெயரத்தினம் 51.93 விழுக்காட்டில் ஜெயித்தார். 2020-ல் செங்காங்கில் இதே இங் சீ மெங் அணி தோற்றபோது, எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் சங்க அட்டை வைத்திருந்தவர் ஒருவர்கூட இல்லையா? மறுநாளும் அவர்கள் சந்தா கட்டினார்கள், என்டியுசியின் ஃபேர்பிரைஸ் கடையில் அரிசி வாங்கினார்கள். (பெயரில் பாட்டாளி இருக்கும் கட்சியிடம் சங்கம் இல்லை, சங்கங்களோடு இருக்கும் கட்சியின் பெயரில் பாட்டாளி இல்லை. இந்த ஊர் வேடிக்கை இது.)

உங்கள் மகன் மே மாதத்தில் திடீரென்று மாறவில்லை. இன்கம் பற்றிக் கேட்டானே, அன்றைக்கு ஆரம்பித்திருக்கும். தொழிலாளிக்குக் குறைந்த விலையில் காப்புறுதி கிடைக்கட்டும் என்று 1970-ல் என்டியுசி தொடங்கிய நிறுவனத்தில் பெரும்பங்கை ஜெர்மானிய நிறுவனம் வாங்கப்போகிறது, சங்கத் தலைமையும் சரி என்கிறது என்றால், 25 வயதுப் பையன் கேட்கத்தானே செய்வான்? நியாயமான கேள்வி. சங்கத்துக்காரர் பிள்ளைக்குத்தான் அந்தக் கேள்வியே தோன்றும். நீங்கள் "மேலே இருப்பவர்களுக்குத் தெரியும்" என்று வாயை அடைத்தீர்கள். அந்த அக்டோபரில் அரசாங்கமே அந்த விற்பனை இப்படியே நடக்கக்கூடாது என்று நிறுத்தியது. அன்று இரவாவது, "நீ கேட்டது சரிதான்டா" என்று சொன்னீர்களா? வீட்டில் பதில் கிடைக்காத பிள்ளை வெளியே போய்க் கேட்கும்.

அவனும் ஒன்றும் உத்தமனில்லை. அப்பா வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோது சங்கம் வந்து நின்றதை அவன் பார்த்திருக்கிறான். அதற்கு எதிராகப் போகும் முன் உங்கள் எதிரே உட்கார்ந்து, "அப்பா, நான் இந்தப் பக்கம் போகிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். எந்தப் புளோக்கிலோ நோட்டீஸோடு எதிரெதிரே முட்டிக்கொண்டு அப்பாவுக்குத் தெரியவருவது மரியாதை இல்லை. இந்தப் பத்தியை அவனிடம் காட்டுங்கள்.

பதவி விலகுவதா என்கிறீர்கள். மகன் சட்டைக்காக விலகினால், நாளை வேலை போய் உங்களைத் தேடி வருகிற உறுப்பினருக்கு யார் பதில் சொல்வது? இருங்கள். கூட்டாளிகள் குத்திக் காட்டினால், "ஆமாம், என் மகன்தான்" என்று சொல்லுங்கள். கடிதம் முழுக்கத் தேடினேன், அந்த வார்த்தை இல்லை.

தனியாகப் போகச் சொல்வது பற்றி எனக்குப் பேச ஒன்றுமில்லை. கல்யாணமாகி வீடு கிடைத்துப் போனால் போகட்டும். கட்சிக்காகப் பிள்ளையை வெளியே அனுப்பிய வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன்.

இன்னொன்று. உங்கள் மனைவிக்கு அரசியல் தெரியாது என்கிறீர்கள். அந்த இரண்டு வாரம் உங்கள் சங்கச் சட்டையையும் அவர்தானே துவைத்திருப்பார்? எந்தக் கம்பில் காயப்போட்டார் என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, அந்தப் பையை இன்றைக்கே பிரியுங்கள். ஈரத்தோடு கட்டியிருந்தால் இத்தனை நாளில் பூசணம் பிடித்திருக்கும். மனைவியிடம் கொடுக்காதீர்கள். நீங்களே ஊறவைத்து, நீங்களே துவைத்து, வெயில் வரும்போது வெளியே போடுங்கள். கறை போகவில்லை என்றால், எப்படி வந்தது என்று அவனிடம் நீங்களே சொல்லுங்கள்.