டவர் 'வேக் டர்புலன்ஸ்' என்று எச்சரித்தால் எவ்வளவு நேரம் பொறுப்பது?

கேள்வி: செஸ்னா 152 என்ற சிறு விமானத்தில் ஓட்டுநர் பயிற்சி பெறுகிறேன். எனக்கு முன்னால் ஏர்பஸ் ஏ320 இறங்கும்போதெல்லாம் டவர் (விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம்) வேக் டர்புலன்ஸ் எச்சரிக்கை தருகிறது. விண்ட்சாக் (காற்றின் திசை காட்டும் துணிக்குழாய்) லேசாக மட்டும் அசையும் காலையிலும் பயப்பட வேண்டுமா?

பதில்: அந்தக் காலையில்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

வேக் டர்புலன்ஸ் எஞ்சின் கக்கும் காற்று அல்ல (பல மாணவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள்). இறக்கை விமானத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும்வரை அதன் இரு நுனிகளிலிருந்தும் உருண்டு வரும் சுழல்கள். எடை கூட, வேகம் குறைய, அவை வலுக்கும். 757 கிலோ செஸ்னாவை அந்தச் சுழல் புரட்டினால் எய்லரானை (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) முழுக்கத் திருப்பியும் மீளாமல் போகலாம்.

சுழல் நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி கீழிறங்கும். ஆகவே முன்னால் போனவரின் பாதைக்குக் கீழே போகாதீர்கள். இறங்கும் உயரம் சரியா என்று காட்டும் ஓடுபாதையோர பாப்பி விளக்கில் அவர் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பில், அதாவது சரியான உயரத்தில், வந்திருப்பார். உங்களுக்கு மூன்று வெள்ளை தெரியட்டும், அதாவது சற்று உயரமாக வாருங்கள். அவருடைய முன்சக்கரம் தொட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு அதைத் தாண்டி இறங்குங்கள். 152 தரையில் ஓடி நிற்க ஏறக்குறைய 150 மீட்டர் போதும். ஏ320 வரும் ஓடுபாதையில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

இனி உங்கள் விண்ட்சாக். தரையை நெருங்கிய சுழல்கள் 2, 3 நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கி.மீ.) வேகத்தில் ஆளுக்கொரு பக்கமாக விலகும். பலத்த காற்று அவற்றைக் கலைத்துவிடும். 1 முதல் 5 நாட் குறுக்குக் காற்றோ, காற்று வரும் பக்கத்துச் சுழலை விலகவிடாமல் ஓடுபாதை மேலேயே பிடித்து வைக்கும். அந்தக் காற்று பின்பக்கமிருந்து சாய்வாக வீசினால் இன்னும் மோசம்: சுழல் முன்னே நகர்ந்து, நீங்கள் 'தாண்டி இறங்க' நினைத்த இடத்துக்கே வந்துவிடும்.

1972 மே மாதம் அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த்தில் டிசி-10-க்குப் பின்னால் இறங்க வந்த டிசி-9 இத்தகைய சுழலில் சிக்கித்தான் புரண்டு நொறுங்கியது. நால்வர் இறந்தனர். அதுவும் பயிற்சிப் பறப்புதான். ஆனால் செஸ்னாவைவிடப் பல மடங்கு கனமான ஜெட்.

ஏ320 போன்ற நடுத்தர வகைக்குப் பின்னால் இறங்கும் இலகு விமானத்துக்குச் சர்வதேச விதி 3 நிமிட இடைவெளி சொல்கிறது. ஆனால் முன்னால் போவது கண்ணில் தெரிகிறது என்று சொல்லி விஷுவல் அப்ரோச்சை (கண்ணால் பார்த்தே இறங்குவது) ஏற்றுக்கொண்டால், இடைவெளி உங்கள் பொறுப்பு. சந்தேகமா? டவுன்விண்டை (இறங்கத் திரும்புவதற்கு முன் ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் பகுதி) நீட்டிக்கக் கேளுங்கள். ஃபைனலில் (ஓடுபாதையை நோக்கிய கடைசிப் பகுதி) இறக்கை திடீரென்று சாய்ந்தால் முழு த்ராட்டில் (எஞ்சின் விசை), இறக்கையை நேராக்கு, கோ-அரவுண்ட் (இறங்காமல் மேலேறிச் சுற்றி வருவது).

ஏ320 அதே ஓடுபாதையில் புறப்படுகிறது என்றால் கணக்கு தலைகீழ்: அது மூக்கைத் தூக்கிய இடத்துக்கு வெகு முன்பே இறங்கிவிடுங்கள்.