குழந்தையின் காதுபடப் பேசாதீர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: என் வகுப்பில் நாலு வயதுக் குழந்தை ஒன்று. எதைக் கேட்டாலும் வாய் திறப்பதில்லை.

ப: கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள்? ஆசிரியர்கள் ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை என்று 1970களிலேயே அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அளந்து காட்டினார். மூன்று விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன. சின்னக் குழந்தைக்கு இன்னும் கூடவே கொடுங்கள். கீழே உட்காருங்கள், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், அப்புறம் சும்மா இருங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்றும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கே: ஒரு சிறுமி, “யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் சொல்வேன்” என்கிறாள். செய்யலாமா?

ப: கூடாது. “உனக்கு உதவக்கூடியவரிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். துருவ வேண்டாம், “அப்புறம் என்ன ஆச்சு?” போதும். “அடித்தாரா?” என்று பதிலை நீங்களே ஊட்டிவிடாதீர்கள். அவள் சொன்ன சொற்களை அப்படியே எழுதி, அன்றைக்கே குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் கொடுங்கள்.

கே: தினமும் மாலையில் பையனின் சேட்டைகளை அவன் அம்மாவிடம் தவறாமல் சொல்கிறேன். அவரோ முகம் கொடுத்தே பேசுவதில்லை.

ப: எப்படிப் பேசுவார்? அவரைப் பார்த்தாலே நீங்கள் புகார்ப் பட்டியலைத்தானே எடுக்கிறீர்கள்! இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு வாசலில் இதே காட்சியைப் பார்த்திருக்கிறேன். அம்மாவும் ஆசிரியையும் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருக்க, கீழே அந்தப் பையன் பையின் வாரை விரலில் சுற்றி, நுனி வெளுக்கும்வரை இறுக்கிக்கொண்டிருந்தான். ஒரு சொல்லையும் அவன் தவறவிடவில்லை. பின்னால் இன்னும் நான்கு பெற்றோர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் எல்லாம் கேட்டது.

வாசலில் நல்ல சேதி மட்டும் சொல்லுங்கள். அதுவும் “நல்லா இருந்தான்” என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம். “இன்றைக்குத் தானே செருப்பு மாட்டினான்” என்பதுபோல இருக்கட்டும். பிரச்சினை என்றால் தனியாக ஒரு பத்து நிமிஷம் கேட்டு வாங்குங்கள். “வீட்டில் இவன் எப்படி?” என்று தொடங்கி, அவர் சொல்வதை முதலில் கேளுங்கள். அந்தக் குழந்தையை அவருக்குத் தெரிந்த அளவு உங்களுக்குத் தெரியாது. மறுபடியும் சொல்கிறேன்: குழந்தையை வைத்துக்கொண்டு குழந்தையைப் பற்றிப் பேசாதீர்கள்.

கே: பெற்றோருக்கு எங்கள் மொழி தெரியாது. மூத்த மகளை விட்டு மொழிபெயர்க்கச் சொல்லலாமா?

ப: சந்திப்பு நேரத்தைச் சொல்ல என்றால் சரி. நோய், பணம், தம்பியின் நடத்தை என்றால் வேண்டவே வேண்டாம். அந்தச் சுமை அவளுடையது அல்ல. அம்மா மனம் நோகுமே என்று பாதியை விழுங்கியும் விடுவாள். பெரியவர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

கே: பேச்சு தாமதம். வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லட்டுமா?

ப: சொல்லாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்புங்கள்.

கே: பையன் சரியில்லை. என்ன செய்வது?

ப: வயது இல்லை, எப்போதிலிருந்து என்று இல்லை, என்ன செய்கிறான் என்றும் இல்லை. இதை வைத்து நான் என்ன சொல்ல? பையனிடம் கேட்டீர்களா? தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவே சொல்கிறது. அவன் சொன்னதையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள்.